உணவை ஆராய்ந்த மருத்துவர் மெக்காரிசன்

ஐதராபாத் நகரின் தார்நாக்காப் பகுதியில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. நாம் உண்ணும் அரிசி, பருப்பு, கீரை, மீன் முதலியவற்றில் புரதம் எவ்வளவு, இரும்புச்சத்து எவ்வளவு, வைட்டமின்கள் எவ்வளவு என்று அளந்து அட்டவணையாக வெளியிடுவது இந்நிறுவனமே. கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் தாயும் நாள்தோறும் என்ன உண்ண வேண்டும் என்று மருத்துவர் கூறும் அறிவுரைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்நிறுவனத்தின் கணக்குகள் இருக்கின்றன. ஆனால் இது பிறந்த ஊர் ஐதராபாத் அன்று. 1918ஆம் ஆண்டு நீலகிரி மலையில், குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் இது தொடங்கியது. தொடங்கியவர் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர்.

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இந்திய மருத்துவப் பணி என்பது படையோடு இணைந்த பணி. அதில் சேர்ந்து, 23 வயது இளைஞராக இந்தியாவிற்கு வந்தார். அவருக்குக் கிடைத்த இடம் ஆப்கானிய எல்லையை ஒட்டிய சித்ரால் என்னும் மலைநாடு. அங்கே காவற்படையினரை ஆண்டுதோறும் மூன்று நாள் காய்ச்சல் ஒன்று வாட்டிவந்தது. அதனை ஆராய்ந்த மெக்காரிசன், மணற்கொசு என்னும் சிறு பூச்சியே அதனைப் பரப்புகிறது என்ற முடிவுக்கு வந்தார். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே, மருந்து கொடுப்பதோடு நின்றுவிடாமல் நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடும் இயல்பு அவரிடம் தெரிந்தது.

அவருடைய வாழ்வைத் திருப்பிய ஊர் கில்கித். இமயத்தின் வடமேற்கில் உயர்ந்த மலைகளால் சூழப்பட்ட அப்பகுதியில் அவர் ஏழாண்டுகள் மருத்துவராக இருந்தார். அங்குள்ள மக்கள் பலருக்கு முன்கழுத்துக் கழலை இருந்தது. தொண்டைக்கு முன்னால் உள்ள தைராய்டு சுரப்பி பருத்துத் தொங்குவதே இந்நோய். இச்சுரப்பி சிறியதுதான். ஆயினும் உண்ட உணவை உடல் எவ்வளவு விரைவாக ஆற்றலாக மாற்ற வேண்டும் என்னும் வளர்சிதை மாற்றத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதன் நீரே.

கில்கித்தின் சிற்றூர்கள் ஒரே ஓடையின் கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. மேலூரார் பயன்படுத்திய நீரே கீழூரார்க்குக் குடிநீர். ஓடையின் தலைப்பில் உள்ள ஊரில் கழலை உடையோர் சிலரே இருந்தனர். கீழே செல்லச் செல்ல எண்ணிக்கை கூடியது. இதனை ஊர் ஊராக நடந்து எண்ணிக் கண்ட மெக்காரிசன், குற்றம் நீரில் உள்ளது என்று கருதினார். அந்நீரை வடிகட்டி, அடியில் தங்கிய வண்டலைத் தாமே சில வாரங்கள் குடித்தார். தாமாக முன்வந்த வேறு சிலருக்கும் கொடுத்தார். சிலருக்குச் சுரப்பி பருத்தது. அதே வண்டலைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்க்கு அவ்வாறு நேரவில்லை. எனவே நீரிலுள்ள ஏதோ ஒரு நுண்ணுயிரே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அம்முடிவு முழு உண்மையாக நிலைக்கவில்லை. பனியாறுகளும் பெருமழையும் மலை மண்ணிலிருந்து அயோடினைக் கழுவிச் சென்றுவிடுகின்றன. அம்மண்ணில் விளைந்ததை உண்போர்க்கு அயோடின் கிடைப்பதில்லை. தைராய்டு நீர் ஊறுவதற்கு அயோடின் இன்றியமையாதது. அது கிடைக்காதபோது சுரப்பி பெருமுயற்சி செய்து பருத்துவிடுகிறது. அசுத்தமான நீர் இக்குறையை மிகுவிக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வேர் நீரில் இருந்த பொருளில் இல்லை. உணவில் இல்லாத பொருளில் இருந்தது. பிற்காலத்தில் மெக்காரிசனின் பெயரை நிலைநாட்டிய கருத்தும் இதுவே என்பது வியப்புக்குரியது.

கில்கித்தில் அவர் கண்ட மற்றொரு காட்சி இன்னும் துயரமானது. அங்குப் பிறந்த குழந்தைகளுள் சிலர் உடல் வளராமலும், செவி கேளாமலும், வாய் பேசாமலும், அறிவு முதிராமலும் இருந்தனர். இத்தகையோர் 203 பேரை ஒவ்வொருவராக ஆராய்ந்து, 1908இல் மெக்காரிசன் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். சிலரிடம் உடல் வீக்கமும் சோர்வும் மிகுந்திருந்தன. வேறு சிலரிடம் கேளாமையும் கைகால் விறைப்பும் மிகுந்திருந்தன. இவ்விரு வகையினரையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அவரே. மருத்துவர்கள் இப்பாகுபாட்டை இன்றும் ஏற்கின்றனர். இக்குழந்தைகளை ஆராய்ந்த அவர் தாய்மாரின் கழுத்தையும் பார்த்தார். பெரும்பாலோர்க்குக் கழலை இருந்தது. கருவின் மூளை உருவாகும் தொடக்க மாதங்களில் அதற்கு வேண்டிய தைராய்டு நீர் தாயிடமிருந்தே செல்கிறது. தாயிடம் அது குறைந்தால், பிறக்கும் முன்னரே குழந்தையின் அறிவு வளர்ச்சி தடைப்படுகிறது. பிறந்தபின் எவ்வளவு ஊட்டினாலும் அதனை மீட்பது அரிது. இவ்விளக்கம் முழுமையாகத் தெளிவாவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவரான இராமலிங்கசுவாமி, 1956 முதல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பை மக்களுக்கு வழங்கி ஆராய்ந்தார். அவ்வுப்பைப் பெற்ற ஊர்களில் கழலை குறைந்தது. இன்று நம் அடுக்களையில் உள்ள உப்புப் பொட்டலத்தில் அயோடின் என்று அச்சிட்டிருப்பது இவ்வரலாற்றின் பயனாகும்.

கில்கித்துக்கு வடக்கே ஹுன்சா என்னும் பகுதி உள்ளது. அங்குள்ளோர் தீட்டாத தானியமும், காய்கனிகளும், பாலும் உண்டு திடமாக வாழ்வதை மெக்காரிசன் கண்டார். பின்னாளில் பிறர் அம்மக்களைப் பற்றி நூறாண்டு வாழ்வோர், நூற்றைம்பதாண்டு வாழ்வோர் என்றெல்லாம் கதை கட்டினர். மெக்காரிசனோ கண்ணால் கண்டது மட்டும் சான்றாகாது என்று அறிந்தவர். உணவுக்கும் நலத்திற்கும் உள்ள தொடர்பை ஆய்வுக்கூடத்தில் நிறுவ வேண்டும் என்று எண்ணினார். இடையில் முதல் உலகப்போர் வந்தது. படைப்பணியை முடித்து, 1918இல் அவர் குன்னூர் சேர்ந்தார்.

குன்னூரில் அவருக்குத் தரப்பட்ட வேலை பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணை. கால்கள் மரத்து, தசைகள் வலுவிழந்து, இதயம் பாதிக்கப்பட்டு மனிதர் இறக்கும் நோய் அது. தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு இத்தகைய நோய் வருவதையும், தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் அது நீங்குவதையும் சாவகத்தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் முன்னரே கண்டிருந்தார். மெக்காரிசன் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்தார். கழுத்து பின்னால் வளைந்து, நிற்க இயலாமல் விழும் புறாக்களை மட்டும் அவர் பார்க்கவில்லை. அந்நிலையை எட்டாத புறாக்களின் உள்ளுறுப்புகளையும் அறுத்துப் பார்த்தார். குடல், இரைப்பை, சுரப்பிகள் ஆகியவை நோய்க்குப் பெயர் சூட்டும் முன்னரே தேய்ந்து சிதைந்திருந்தன. குரங்குகளிடமும் இவ்வாறே கண்டார். படுக்கையில் விழுந்தவர் மட்டுமே நோயாளி என்று எண்ணியிருந்த மருத்துவ உலகிற்கு இது புதுச்செய்தி. நடமாடிக்கொண்டும் உழைத்துக்கொண்டும் இருக்கும் பல்லாயிரம் பேர், பெயரற்ற குறைபாட்டினால் உள்ளுக்குள் நலிந்து வருகின்றனர் என்பதே அதன் பொருள். இவ்வாய்வுகளைத் தொகுத்து 1921இல் அவர் நூலாக வெளியிட்டார்.

அரிசியைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டு அடுக்களைக்கே உரியது. இந்தியாவில் பெரிபெரி எங்கும் பரவியிருக்கவில்லை. ஆந்திரக் கடற்கரையின் வடசர்க்கார் மாவட்டங்களிலேயே மிகுதியாக இருந்தது. அரிசியையே முதன்மை உணவாகக் கொண்ட தமிழ் மாவட்டங்களில் அது மிகவும் அரிது. இருவரும் அரிசிதான் உண்டனர். ஆனால் ஒரே அரிசியை அன்று. வடசர்க்கார் மக்கள் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். தமிழர் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தியபின் குத்திய புழுங்கல் அரிசியை உண்டனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள வைட்டமின் நீரோடு கலந்து மணியின் உள்ளே ஊடுருவிவிடுகிறது. பின்னர் உமியும் தவிடும் போனாலும் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். வேதியியல் அறியாத நம் முன்னோர் இதனைக் கண்டறிந்து செய்தனர் என்று கூறுவது மிகையாகும். நெல் உடையாமல் குத்தவும், நெடுநாள் கெடாமல் இருக்கவும் அவர்கள் கண்ட வழி, அவர்கள் அறியாமலேயே உயிர் காத்தது. நோரிஸ் என்னும் அறிஞரோடு சேர்ந்து அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த மெக்காரிசன், 1924இல் அதனை வெளியிட்டார். அவ்வைட்டமின் நீரில் கரையக்கூடியது. அரிசியைப் பன்முறை கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் அது மேலும் வீணாகிறது.

இவ்வளவு பயன் தந்த ஆய்வு 1923இல் நிறுத்தப்பட்டது. போருக்குப்பின் வருவாய் சுருங்கிய அரசு, செலவைக் குறைக்க ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் கத்தரிக்கோலுக்கு இரையானவற்றுள் குன்னூர் ஆய்வும் ஒன்று. பட்டினியும் ஊட்டக்குறைவும் மலிந்த ஒரு நாட்டில், அவற்றை ஆராயும் ஒற்றை அறையை மூடி மிச்சம் பிடிக்க நினைத்தது அவ்வரசின் குறுகிய கணக்கைக் காட்டுகிறது. மெக்காரிசன் விடவில்லை. இரண்டாண்டுகள் கழித்து, 1925இல் ஆய்வு மீண்டும் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் என்னும் பெயரோடு விரிந்தது. மெக்காரிசன் அதன் முதல் இயக்குநரானார்.

அவருடைய ஆய்வுகளுள் மிகவும் பேசப்பட்டது எலிகளைப் பற்றியது. ஒரே வயதும் ஒரே எடையும் உள்ள வெள்ளெலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திற்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்தார். இடமும் காற்றும் வெளிச்சமும் எல்லாக் கூண்டுகளுக்கும் ஒன்றே. பஞ்சாபின் சீக்கியர் உண்ணும் முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பயறு, பச்சைக் காய்கறி, எப்போதேனும் சிறிது இறைச்சி ஆகியவற்றைத் தின்ற எலிகள் பருத்து வளர்ந்தன. கடைசியில் நின்றவை சென்னை மாகாணத்து ஏழையின் உணவைத் தின்ற எலிகள். தீட்டிய அரிசி மிகுதி, பருப்பும் காய்கறியும் கொஞ்சம், பால் இல்லை என்று சொல்லுமளவு குறைவு என்பதே அவ்வுணவு.

இம்முடிவைத் தமிழர் படிக்கும்போது வருந்துவது இயல்பு. அக்கால ஆங்கிலேயர் சிலர் இதனை வீர இனம், வீரமற்ற இனம் என்று மக்களைப் பிரிக்கும் தம் பழக்கத்திற்குத் துணையாகக் கொண்டனர். ஆனால் ஆய்வு காட்டியது அதற்கு நேர்மாறானது. எலிகள் அனைத்தும் ஒரே இனம். வேறுபட்டது தட்டு மட்டுமே. அத்தட்டில் பாலும் பருப்பும் குறைந்ததற்குக் காரணம் தட்ப வெப்பமோ பிறப்போ அன்று, வறுமையே. கூண்டு எலிக்கு மலேரியாவோ கொக்கிப்புழுவோ தொல்லை தருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மனிதர் நலிவதற்கு உணவோடு இவையும் சேர்ந்தே காரணமாயின.

நல்லுணவு தின்ற எலிகளை மெக்காரிசன் பெருந்தொகையாக வளர்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவ்வெலிகளிடையே இரண்டேகால் ஆண்டுகள் நோய் தோன்றவில்லை. விபத்து ஒன்றிரண்டு நீங்கலாகக் குட்டிகளும் இறக்கவில்லை. மனிதர் வாழ்வோடு ஒப்பிட்டால் அது பல பத்தாண்டுகளுக்குச் சமம். வேறொரு கூட்டத்திற்கு இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் உண்ணும் வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரையிட்ட தேநீர், வேகவைத்த காய், தகர டப்பாவில் அடைத்த இறைச்சி ஆகியவற்றைக் கொடுத்தார். அவை வளர்ச்சி குன்றியதோடு குணமும் மாறின. பராமரிப்போரைக் கடித்தன, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வலியவை மெலியவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. உணவுக்குறை உடலை மட்டுமன்றி உள்ளத்தின் அமைதியையும் குலைக்கும் என்பதற்கு அக்கூண்டு ஒரு கொடிய சான்றாயிற்று. ஆளும் நாட்டின் உணவும் ஆளப்படும் நாட்டின் ஏழை உணவும் ஒரே தராசில் நின்றதைப் பலர் கவனிக்கவில்லை.

குன்னூர் ஆய்வுக்கூடம் பிறர்க்கும் இடமளித்தது. அவர்களுள் சிறந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். மும்பையில் நெசவாலைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகையால் இறந்துவந்தனர். அதன் காரணத்தைத் தேடி 1928இல் இந்தியா வந்த அவர், 1929இல் குன்னூரில் மெக்காரிசனின் ஆய்வுக்கூடத்தில் தங்கி, அப்பெண்களின் உணவையே எலிகளுக்கும் பின்னர்க் குரங்குகளுக்கும் கொடுத்து ஆராய்ந்தார். 1931இல் சென்னையில் கோஷா மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே. மலிவான ஈஸ்ட் சாறு ஒன்றைக் கொடுத்ததும் நோயுற்ற பெண்கள் தேறினர். அச்சாற்றில் இருந்த பொருள் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945இல் அதனைச் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்கக் குழுவின் தலைவர், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்தோடு கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுவே.

மெக்காரிசன் ஆய்வுக்கூடத்திற்குள் மட்டும் அடைந்து கிடக்கவில்லை. கோயம்புத்தூரில் அரசு வேளாண் வேதியியலராக இருந்த விஸ்வநாத்துடன் சேர்ந்து, தொழுவுரமிட்ட நிலத்தின் தானியத்தையும் இரசாயன உரமிட்ட நிலத்தின் தானியத்தையும் ஒப்பிட்டார். வேளாண்மைக்கான அரச ஆணையத்தின் முன் தோன்றி, விளைச்சலின் அளவோடு அதன் ஊட்டத்தையும் கருத வேண்டும் என்று எடுத்துரைத்தார். 1928இல் பள்ளி மாணவர்க்காக உணவு என்னும் தலைப்பில் எளிய நூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். புகழ்பெற்ற ஆய்வாளர் ஒருவர் சிறுவர்க்கென எழுதுவது அக்காலத்தில் அரிது.

1933இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்போர்டில் குடியேறினார். மறு ஆண்டு இலண்டனில் ஊட்டச்சத்தும் நாட்டு நலமும் பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். குன்னூரின் எலிக்கூண்டுகள் உலகெங்கும் அறியப்பட்டது அவற்றாலேயே. 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், தம் 82ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவருக்குப்பின் இயக்குநரான அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து மதிப்பை 1937இல் சிறு நூலாக வெளியிட்டார். பின்னர்ப் பட்வர்த்தன் பொறுப்பேற்றார். அவர் காலத்தில், 1958இல், ஆய்வுக்கூடம் குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு மாறியது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. மலையூரில் எலிகளும் புறாக்களும் இருந்தன. ஐதராபாத்தின் உஸ்மானியா, நிலோபர் மருத்துவமனைகளில் நோயுற்ற தாய்மாரும் குழந்தைகளும் இருந்தனர். தக்காணத்தில் சோளத்தையே நாள்தோறும் உண்ட ஏழை உழவர்களிடம் பெல்லாக்ரா என்னும் நோய் காணப்பட்டது. வெயில் பட்ட தோல் கருகி உரியும், வயிறு கழியும், முற்றினால் சோர்வும் கலக்கமும் மிகுந்து மனம் தடுமாறும். மக்காச்சோளம் உண்போர்க்கே வரும் என்று கருதப்பட்ட நோய் இது. சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்திற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று, சேலத்தில் பிறந்த கோபாலனும் அவருடைய உடனாய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் ஐதராபாத்திலிருந்து எழுதிய கட்டுரை இலண்டன் மருத்துவ இதழில் வெளிவந்தது. அது மெக்காரிசன் மறைந்த அதே 1960ஆம் ஆண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் கில்கித்துத் தாய்மாரையும் குழந்தைகளையும் பற்றிய அவருடைய கட்டுரை வெளியானதும் அந்த இதழிலேதான்.